முதல் எடுத்த சீட்டு

யூனிஸ் எதையும் ஒரு தடவை சொன்னால் நம்புகிற ஆள் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுவைக்கு நின்ற காலத்தில்தான் அவளுக்கு அந்தக் குணம் வந்தது என்று சிலர் சொல்வார்கள். சீனி மூட்டை வந்து இறங்கினால் சாக்கில் எழுதியிருக்கிற நிறையைப் பார்க்கமாட்டாள். கையை உள்ளே விட்டு ஈரம் இருக்கிறதா என்று துழாவுவாள். பருப்பை உள்ளங்கையில் தேய்த்து மணந்து பார்ப்பாள். லொறிக்காரர்களுக்கு அவளைக் கண்டால் பிடிக்காது. ஆனால் அவள் நிற்கிற நாளில் நனைந்த சீனி கொண்டுவந்து இறக்கவும் மாட்டார்கள்.

உண்மையில் அந்தக் குணம் அதற்கும் முந்தியது. பருத்தித்துறையில் ஒரு மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவள் அவள். தகப்பன் பள்ளிக்கூட வாத்தியார், சபையில் பிரசங்கமும் செய்வார். அந்த வீட்டுக்குள் சீட்டுக்கட்டு வந்ததில்லை. செத்த வீடுகளில் விடியும்வரை முந்நூற்றுநாலு விளையாடுகிறவர்களைக் கண்டால் தகப்பன் கும்பிட்டுவிட்டு எழும்பி வந்துவிடுவார். பெரிய வெள்ளிக்கிழமை, சேவகர் ஆண்டவருடைய அங்கிக்குச் சீட்டுப் போட்ட இடத்தை வாசிக்கிறபோது வேதப்புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, "தலைக்கு மேலை ஒரு மனிசன் செத்துக்கொண்டிருக்கிறார், உவை குனிஞ்சு சீட்டைப் பாத்துக்கொண்டிருந்தவை" என்று சொல்வார். மற்றவன் இழந்தால்தான் நீ வெல்லலாம் என்கிற விளையாட்டு, அயலானை நேசி என்ற கட்டளைக்கு அடுக்காது என்பது அவருடைய முடிவு. அது அப்படியே மகளுக்கும் வந்தது. லொத்தர், பந்தயம், கோவில் சீட்டிழுப்பு, எல்லாம் அவளுக்கு ஒன்றுதான்.

அப்படிப்பட்டவள் கலியாணம் செய்தது ஒரு கத்தோலிக்கரை. எமில்ராஜ் வள்ளங்களின் வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிறவர். வல்வெட்டித்துறைக்குக் கிழக்கே, கடலோடு ஒட்டியிருக்கிற ஒரு சின்னக் குறிச்சி அவருடையது. அந்தக் குறிச்சியில் அவரைத் தவிர வேறு எஞ்சின் மெக்கானிக் இல்லை. மண்ணெண்ணெய்க்காகச் சங்கக்கடைக்கு வந்துபோனதில் பழக்கம். கலியாணம் அவருடைய கோவிலில் நடந்தது. ஆனால் யூனிஸ் தன் சபையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எமில்ராஜ் அவளை மோட்டார்சைக்கிளில் பருத்தித்துறையில் இறக்கிவிட்டு, தன் பூசைக்குத் திரும்பி ஓடுவார். ஒரே மகளைக் கொக்குவிலில் கட்டிக்கொடுத்தபிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை.

அவர்களுக்குள் சண்டை என்று வந்தால் அது வருடத்துக்கு ஒரு தடவை வரும். அந்தோனியார் திருநாளுக்குக் கோவில்சபை அதிர்ஷ்டலாபச் சீட்டு அடிக்கும். எமில்ராஜ் சபை அங்கத்தவர் என்றபடியால் அவரும் விற்கவேண்டும். யூனிஸ் அந்தச் சீட்டுகளைக் கையால் தொடமாட்டாள். அலமாரியில் இருந்தால் துணி போட்டு மூடிவிடுவாள்.

இந்த வருடம் சண்டை புருசனோடு அல்ல, பக்கத்து வளவு மச்சாளோடு வந்தது. எமில்ராஜின் தமக்கை றோஸ், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கிறவள். முற்றத்தில் நின்று, முதல் பரிசு குளிர்ப்பெட்டி, புது பிறிட்ஜ் என்று சொல்லிச் சீட்டு நீட்டினாள். யூனிஸ் வேண்டாம் என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யூதாசுக்குப் பதிலா மத்தியாவை அப்போஸ்தலர் என்னெண்டு எடுத்தவை? சீட்டுப் போட்டுத்தானே. அது பாவமெண்டால் அவையும் பாவிகளோ?"

"அவை சீட்டுக்குக் காசு கட்டேல்லை, மச்சாள்," என்றாள் யூனிஸ். "தோத்த மற்றவன்ரை காசிலை மத்தியாவுக்குப் பிறிட்ஜ் வேண்டிக் குடுக்கவுமில்லை."

இந்தக் கதை குறிச்சி முழுக்கப் போய்விட்டது. சிலர் சிரித்தார்கள். சபைத் தலைவர் பிலிப்பு சிரிக்கவில்லை. மணிக்கூண்டு கட்ட அல்லும்பகலும் பாடுபடுகிறபோது, வேறை சபைக்காரி ஒருத்தி வந்து இருந்துகொண்டு கோவிலைச் சூதாட்டக் கொட்டில் என்று சொல்கிறாளாம் என்று கடையில் சொன்னாராம். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் போகவில்லை.

திருநாளன்று பின்னேரம் சீட்டு இழுத்தார்கள். யூனிஸ் வீட்டில் இருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி தென்னைமரத்தில் கட்டியிருந்தது. வேண்டாம் என்றாலும் காதில் விழும். மூன்றாம் பரிசு, இரண்டாம் பரிசு என்று பெயர்கள் வந்தன. பிறகு பிலிப்புவின் குரல், "முதலாம் பரிசு, வல்வெட்டித்துறை, நாக..." என்றது. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அந்தோனியார் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து, மறுபடி பிலிப்பு வந்து, முதலாம் பரிசு திருமதி யூனிஸ் எமில்ராஜ் என்றார்.

அவள் கையில் இருந்த விளைமீன் சட்டிக்குள் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் லாண்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவுயந்திர வண்டியில் பெட்டி வந்து இறங்கியது. நாலைந்து பேர் பிடித்து முன்னறையில் வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே சந்தோசம். அந்தச் சந்தோசத்தில் ஒரு நக்கலும் இருந்ததாக யூனிசுக்குப் பட்டது. சூது என்று சொன்னவளுக்கே விழுந்திருக்கிறது, இனி என்ன கதைக்கப் போகிறாள் என்று பார்க்கிறார்கள். வாயை அடைக்கத்தான் தந்தார்களோ என்று அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது.

ஆட்கள் போனபிறகு, தன் பெயரில் சீட்டு எழுதியது ஆர் என்று எமில்ராஜைக் கேட்டாள். தான்தான் என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். கடைசியில் மிஞ்சின சீட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்ததாம். தன் பெயரில் கொஞ்சம், மகளின் பெயரில் கொஞ்சம், அவளுடைய பெயரில் ஒன்று எழுதிவிட்டாராம். அதை அவள் நம்பினாள். இருபத்தைந்து வருடக் கலியாணத்தில் அவர் பொய் சொல்கிறபோது எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். இது பொய் இல்லை.

ஆனால் வேறு ஏதோ இருந்தது. புதிதாக எந்த இயந்திரம் வீட்டுக்கு வந்தாலும் அதைத் திறக்காமல் இருக்கத் தெரியாத மனிதர் எமில்ராஜ். மகள் கொண்டுவந்து தந்த மிக்சியைக்கூட, அரைத்துப் பார்க்க முந்திக் கழற்றிப் பார்த்தவர். இந்தப் பெட்டியின் ஒட்டுநாடாவைக்கூட அவர் உரிக்கவில்லை. முன்னறைக்குப் போகவேண்டி வந்தால் சுவரோரமாகப் போனார். அன்று தானே தேத்தண்ணி போட்டு அவளுக்குக் கொண்டுவந்து தந்தார். யூனிஸ் அதை வாங்கிக் குடித்தாள். குடிக்கிறபோதே, இந்தத் தேத்தண்ணி எதற்கு என்று யோசித்தாள்.

பிறிட்ஜ் அந்த வீட்டுக்குத் தேவையில்லாத சாமான் அல்ல. அதுதான் பெரிய தொல்லை. யூனிசுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறவள். விலைவாசி ஏறிய காலத்தில் பழைய பிறிட்ஜ் பழுதாகிப்போக, புதிதாக ஒன்று எடுக்க முடியவில்லை. மருந்து றோசின் வீட்டில் இருந்தது. காலையிலும் பின்னேரமும் வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் போய், மச்சாளிடம் கேட்டு வாங்கவேண்டும். ஒருத்தியிடம் கையேந்திக்கொண்டே அவளோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யூனிசுக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் காலை மருந்துக்குப் போனபோது றோஸ் நல்ல முகத்தோடு நின்றாள். பழைய கோபம் ஒன்றும் இல்லை. "இனி நீ இஞ்சை அலையத் தேவையில்லை," என்றாள். "எங்கடை சாமான் எங்கடை ஊரிலேயே நிண்டிட்டுது. அந்தோனியார் கைவிடேல்லை."

யூனிஸ் மருந்தை வாங்கிக்கொண்டு பொட்டு வரைக்கும் வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். நிண்டிட்டுது என்றால் என்ன? போகவிருந்த சாமானைத்தானே நிண்டிட்டுது என்று சொல்வார்கள். அது எங்கே போக இருந்தது? முதல்நாள் பின்னேரம் காதில் விழுந்த கரகரப்பு அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. திருமதி யூனிஸ் எமில்ராஜ் என்ற பெயருக்குள் வல்வெட்டித்துறையும் இல்லை, நாகவும் இல்லை.

எமில்ராஜ் பட்டறையில் ஒரு எஞ்சினைத் தொட்டியில் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் போய் அதை நிற்பாட்டச் சொன்னாள்.

"மைக்கிலை முதல் வந்தது ஆரின்ரை பேர்?"

"எந்த மைக்?" என்றார் அவர்.

"வல்வெட்டித்துறை எண்டு கேட்டது. நாக எண்டு கேட்டது. பிறகு பாட்டு. பாட்டு முடிய என்ரை பேர். இடையிலை நடந்ததைச் சொல்லுங்கோ."

எமில்ராஜ் கையைத் துடைத்தார். துடைத்து முடிந்தபிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். முதல் எடுத்த சீட்டு வல்வெட்டித்துறை நாகலிங்கத்தாருடையது. எஞ்சின் திருத்த வந்த இடத்தில் எமில்ராஜே விற்ற சீட்டு. பிலிப்பு வாசிக்கத் தொடங்கியதும் மேடையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பெட்டி ஊரைவிட்டுப் போகப் போகிறது என்றார் ஒருவர். ஆள் வேதக்காரனும் இல்லையே என்றார் இன்னொருவர். பிலிப்பு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, சீட்டை மடித்து மறுபடி பீப்பாவுக்குள் போட்டார். பிறகு எடுத்ததில் யூனிசின் பெயர் வந்தது. எமில்ராஜ் பீப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

"நீங்கள் ஏன் வாய் திறக்கேல்லை?"

"உம்மடை பேர் வந்திட்டுது. உம்மடை மருந்தை நினைச்சிட்டன்."

யூனிஸ் அதையும் அப்படியே விடவில்லை. "ரண்டாவது சீட்டு எடுக்க முந்தி ஒரு பாட்டு முழுக்கப் போனது. அப்ப என்ரை பேர் வரேல்லையே," என்றாள்.

தொட்டித் தண்ணீரில் எண்ணெய் மிதந்துகொண்டிருந்ததை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பின்னேரம் அவள் தனியாகச் சுவாமியின் அறைவீட்டுக்குப் போனாள். பங்குச்சுவாமி கிறிஸ்ரோபர் அவளைவிட வயதில் இளையவர், நல்லவர் என்று பெயர் எடுத்தவர். கதிரை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். சீட்டைப் பற்றி ஒரு விசயம் கதைக்க வேண்டும் என்று அவள் தொடங்கியதும், "ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

யூனிசுக்கு அது போதும். என்ன விசயம் என்று கேட்கவேண்டிய இடத்தில், ஆர் சொன்னது என்று கேட்கிறார். அப்படியென்றால் இவருக்கும் தெரியும்.

சுவாமி மறைக்கவில்லை. சீட்டு இழுக்கிறபோது தான் ஒரு வருத்தக்காரரின் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோயிருந்ததாகவும், அன்றிரவே ஒருவர் வந்து சொன்னதாகவும் சொன்னார். திருச்சபை சீட்டிழுப்பைப் பாவம் என்று சொல்லவில்லை என்றும் விளக்கினார். ஒரு வீட்டுச் சோற்றுக் காசு அதில் போனால் பாவம், ஒருவன் அதற்கு அடிமையானால் பாவம், ஏமாற்றினால் பாரதூரமான பாவம். மற்றும்படி கோவிலுக்குக் கொடுக்கிற காசில் ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். யூனிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் தகப்பன் இதற்கு என்ன பதில் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அன்று அதற்கு வரவில்லை.

"உங்கடை கணக்கிலையே இது பாரதூரமான பாவமெல்லே, பாதர்?"

பிலிப்பு தனக்கென்று ஒரு சதமும் எடுக்கிற ஆள் இல்லை, எல்லார் முன்னாலும் அவரைத் தலைகுனிய வைக்க மனம் வரவில்லை என்றார் சுவாமி. பிறகு மெதுவாக, "உங்களுக்கு மருந்து வைக்க வழியில்லையெண்டு எல்லாருக்கும் தெரியும், அக்கா. பெட்டி உங்களிட்டை வந்தபடியால் ஆண்டவர்தான் அப்பிடி நடத்தினார் எண்டு நினைச்சிட்டன்," என்றார்.

"ஆண்டவர் நடத்தினது முதல் எடுத்த சீட்டெண்டால் என்ன செய்யிறது?"

சுவாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். சபையைக் கூட்டிக் கதைக்க ஒரு கிழமை தரச் சொன்னார். அவள் ஓம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஆனால் வீட்டுக்கு நடக்கிறபோதே அந்த ஒரு கிழமையை உரசிப் பார்த்தாள். ஒரு கிழமை இரண்டாகும். மகள் ஏற்கெனவே போனில், அம்மா சும்மா கிடக்கிற பெட்டியைத் திறந்து மருந்தை வையுங்கோ என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். திறந்தால் மருந்து போகும், பிறகு மீன் போகும், பிறகு அது அவளுடையதாகிவிடும். மற்றவர்களைச் சந்தேகித்தவள் இப்போது தன்னைச் சந்தேகிக்கத் தொடங்கினாள். முன்னறையைக் கடந்து போகிறபோது, பெட்டியை எந்த மூலையில் வைத்தால் வடிவு என்று கண் தன்பாட்டில் அளந்ததை அவள் கவனித்திருந்தாள்.

அடுத்த நாள் வெளிச்சத்தோடேயே லாண்ட்மாஸ்ரரைப் பிடித்துவரச் சொன்னாள். ஒளித்துக் கொண்டுபோனால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். எமில்ராஜ் மறுபேச்சில்லாமல் பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டினார். றோஸ் வேலிக்கு அங்கால் நின்று பார்த்தாள்.

சந்தியில் பிலிப்பு தன் கடையிலிருந்து இறங்கி வந்து மறித்தார். ஊர்ப் பெட்டியை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று எமில்ராஜைக் கேட்டார். எமில்ராஜ் வாயைத் திறக்க முந்தி, பின்னால் இருந்த யூனிஸ் சொன்னாள்:

"அவரிட்டைச் சீட்டு விக்கேக்கை நீங்கள் ஊரைப் பாக்கேல்லை, வேதத்தையும் பாக்கேல்லை. பரிசு குடுக்கேக்கை மட்டும் என்ன பாக்கிறியள், பிலிப்பு அண்ணை?"

பிலிப்புவின் முகம் கறுத்தது. எங்கடை பிள்ளையளுக்குக் கிடைக்கட்டும் என்றுதான் செய்தது என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வழியைவிட்டு விலகினார். அதில் பொய் இருந்ததாக யூனிசுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கூடின பயத்தைத் தந்தது.

நாகலிங்கத்தின் வீடு வல்வெட்டித்துறையில், கடலுக்குப் போகிற ஒழுங்கையில் இருந்தது. அவர் வளவுக்குள் கவிழ்த்து வைத்த வள்ளத்துக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார். பெட்டியோடு வந்த எமில்ராஜைக் கண்டதும் தூரிகையைக் கீழே வைத்தார். யூனிஸ் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். அவர் கேட்டார், ஆனால் பெட்டியைப் பார்க்கவில்லை. எமில்ராஜைத்தான் பார்த்தார்.

"தம்பி, என்ரை எஞ்சினிலை ஏதும் பிழை விட்டிட்டீரோ?"

எமில்ராஜ் பதறிப்போனார். அப்படி ஒன்றும் இல்லை, அந்தோனியார் அறிய இல்லை என்றார். நாகலிங்கம் தலையை ஆட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. இதற்குள் அவருடைய மனைவி இரத்தினம்மா உள்ளேயிருந்து வந்து, நெற்றியில் திருநீறோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். போன மாதம் ஒழுங்கைக்குள் யாரோ பால்மாப் பெட்டியும் ஜெபப் புத்தகமுமாக வந்து வீடுவீடாகப் போனார்களாம். பால்மா முடிகிறதுக்குள் கூட்டத்துக்கு வாருங்கோ என்று கூப்பிட்டார்களாம். இப்போது பிறிட்ஜோடு வந்திருக்கிறார்கள்.

"நாங்கள் அம்மன்கோவில் ஆக்கள், தங்கச்சி," என்றாள். "உதைத் தந்துபோட்டு நாளைக்கு எங்கை கூப்பிடப் போறியள்?"

"ஒரு இடமும் கூப்பிட வரேல்லை, அக்கா. இது உங்கடை சாமான்."

"அப்ப நீர் ஏன் வைச்சிருக்கேல்லை? உம்மடை பேரும்தானே வந்தது."

சீட்டு எடுப்பது தங்களுடைய சபையில் பிழை என்றும், தான் வாழ்நாளில் ஒன்றும் எடுத்ததில்லை என்றும் யூனிஸ் சொன்னாள். இரத்தினம்மா அதை மனதில் வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"உங்களுக்குப் பாவமான சாமான் எங்களுக்கு மட்டும் என்னெண்டு புண்ணியமாகும்? பாவத்தைக் கொண்டந்து எங்கடை வீட்டிலை இறக்கிறீரோ?"

இந்தக் கேள்வியை யூனிஸ் எதிர்பார்த்து வரவில்லை. தகப்பன் இருந்திருந்தால் என்ன சொல்வார் என்று தேடிப் பார்த்தாள். அவர் பெட்டியைக் கடலில் போடச் சொல்லியிருப்பாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"எனக்கு வடிவாத் தெரியாது, அக்கா," என்றாள் கடைசியில். "சீட்டு எடுக்கிறது பிழை எண்டுதான் நான் இப்பவும் சொல்லுவன். ஆனால் எடுத்தவரின்ரை சாமானை நான் வைச்சிருந்தால் அது களவு. பிழையெண்டு நான் நினைக்கிற விளையாட்டிலை நான் களவும் எடுக்கேலாது."

இரத்தினம்மா வாசலைவிட்டுக் கொஞ்சம் விலகினாள். உள்ளே வரச் சொல்லவில்லை, ஆனால் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நாகலிங்கம் அப்போதுதான் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு தன் முடிவைச் சொன்னார். பெட்டியை இறக்குங்கள், ஆனால் அவர் திறக்கமாட்டார். அவருடைய பெயரை ஒலிபெருக்கியில் பாதி கூப்பிட்டுவிட்டு விழுங்கினவர்கள், அதே ஒலிபெருக்கியில் முழுப் பெயரையும் கூப்பிட வேண்டும். அதுவரைக்கும் அது அவருடைய வீட்டில் கிடக்கிற கோவில் சாமான்தான். பெட்டியை விறாந்தையில் வைத்து, பழைய படங்குத் துணியை எடுத்து மூடினார்கள்.

அந்த ஞாயிறு யூனிஸ் பருத்தித்துறைக்குப் போகவில்லை. எமில்ராஜின் கோவிலில், கடைசித் தூணோடு நின்றாள். நாகலிங்கத்தின் நிபந்தனையைக் கேட்டு ஞாயிறு பூசையில் அறிவிப்பதாகச் சுவாமி சொல்லியிருந்தார், சொன்னபடி செய்வாரா என்று தன் காதால் கேட்கவேண்டும். பூசை முடிந்ததும் அவர் மைக்குக்கு வந்தார். சீட்டிழுப்பில் ஒரு தவறு நடந்துவிட்டது என்றார். தவறு தானாக நடந்ததுபோல அவர் சொன்னது யூனிசுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதோடு நிற்காமல், முதலாம் பரிசுக்கு உரியவர் வல்வெட்டித்துறை நாகலிங்கம் என்று முழுப்பெயரையும் வாசித்தார். ஒரு சைவக்காரருடைய பெயர் என்பதற்காக அந்தச் சீட்டைத் திரும்பப் போட்டது நீதிக்கு விரோதம், அதற்குப் பங்கின் பெயரால் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். முன்வரிசையில் பிலிப்பு தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

நாகலிங்கம் வந்திருந்தார். உள்ளே வரவில்லை, வாசல் வேப்பமரத்தின் கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். ஆட்கள் வெளியே வந்தபோது பிலிப்பு நேராக அவரிடம் போய்க் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். மனம் வருந்திச் சொன்னாரா, ஊர் பார்க்கச் சொன்னாரா என்று தூணோடு நின்ற யூனிசுக்குத் தெரியவில்லை. நாகலிங்கம் தலையசைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

அதோடு எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. குறிச்சியின் மானத்தைக் கப்பலேற்றியவள் என்று யூனிசுக்குப் பெயர் வந்தது. றோஸ் அவளோடு கதைப்பதை நிற்பாட்டினாள். ஆனால் மருந்தை நிற்பாட்டவில்லை. காலையிலும் பின்னேரமும் இன்சுலினை ஒரு துணியில் சுற்றி, குசினி யன்னலுக்குள்ளால் முகத்தைக் காட்டாமல் நீட்டுவாள். யூனிஸ் வாங்கிக்கொண்டு, நன்றி மச்சாள் என்று சொல்வாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராது. மாதக்கணக்காக அது அப்படியே நடந்தது. முதலில் சில நாட்கள், மருந்து குளிரில்தான் இருந்ததா என்று யூனிஸ் புட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் குளிராகவே இருந்தது. பிறகு அப்படிப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தவக்காலத்துக்குக் கொஞ்சம் முந்தி, எமில்ராஜ் தங்களுடைய பழைய பிறிட்ஜை லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிப் புத்தூரில் ஒரு திருத்துகிறவரிடம் கொண்டுபோனார். அது தன் தொழில் இல்லை என்று இவ்வளவு காலமும் தட்டிக்கழித்தவர், இரண்டு நாள் அந்த ஆளோடு கூடவே இருந்து செய்வித்துக்கொண்டு வந்தார். வள்ள எஞ்சின்போலச் சத்தம் போட்டாலும் அது குளிர்ந்தது. மருந்தை எடுத்துவரப் போனபோது, "சத்தம் இஞ்சை வரைக்கும் கேக்குது," என்று றோஸ் சொன்னாள். அதுதான் அவள் முதல் பேசிய பேச்சு.

அடுத்த திருநாளுக்கும் சபை சீட்டு அடித்தது. மணிக்கூண்டு இன்னும் அரைவாசியில் நின்றது. இந்தத் தடவை கண்ணாடிப் பீப்பா செய்வித்தார்கள். ஆனால் வெளியூரில் சீட்டு விற்பது கஷ்டமாகிவிட்டது. வல்வெட்டித்துறையில் நாகலிங்கம், அந்தச் சங்கக்கடைப் பிள்ளை மேடையில் நின்று பார்க்கிறதென்றால் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டு மற்றவர்களும் அதையே சொன்னார்கள். சபைக்கூட்டத்தில் பிலிப்புவே, யூனிசைச் சாட்சியாக மேடையில் இருத்துவோம் என்று பிரேரித்தாராம்.

எமில்ராஜ் கூட்டம் முடிந்து வந்து இதைச் சொன்னார். யூனிஸ் அரிசி களைந்துகொண்டிருந்தவள், கையை எடுக்காமலே யோசித்தாள். இது மரியாதையா, வேறு ஏதுமா? தன்னை மேடையில் காட்டி இன்னும் நாலு கட்டுச் சீட்டு விற்கப் பார்க்கிறார்கள். சீட்டே வேண்டாம் என்கிறவளின் முகத்தைச் சீட்டில் அடிக்கப் பார்க்கிறார்கள்.

"நான் வரேலாது எண்டு அவையளிட்டைச் சொல்லுங்கோ," என்றாள்.

"அதை நான் அங்கையே எழும்பிச் சொல்லிப்போட்டன்," என்றார் எமில்ராஜ். "அவ வரமாட்டா, அவவைக் காட்டி விக்கவும் விடமாட்டன், உங்களுக்குச் சாட்சி தேவைப்படாத மாதிரி நீங்கள் ஒழுங்கா நடவுங்கோ எண்டு சொன்னனான். நானும் இனி விக்கமாட்டன் எண்டும் சொல்லிப்போட்டன்."

யூனிஸ் அவரை நன்றாகப் பார்த்தாள். பொய் சொல்கிறபோது அவருக்கு வருகிற ஒரு அடையாளமும் முகத்தில் இல்லை. அரிசியை அடுப்பில் வைத்தாள்.

ஆனாலும் அடுத்த நாள் தேங்காய் வாங்குகிற சாட்டில் பிலிப்புவின் கடைக்குப் போய், கூட்டத்தில் எமில்ராஜ் என்ன சொன்னவர் என்று அவரையே கேட்டாள். பிலிப்பு கசந்த முகத்தோடு, அதையே ஒரு சொல்லும் குறையாமல் சொன்னார்.